உங்கள் எழுத்தை ஏஐ படிக்கிறது, சரி. அதற்கான காசு யார் கைக்குப் போகும்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், பேச்சு மாறாது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் தமிழ் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழுக்குத் தனித் துறையே உண்டு. இடுக்கிப் பக்கம் போனால் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள்.

இந்த எல்லையில் வளர்ந்து டிகிரி முடித்த ஒருவருக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் கைவசம் இருக்கும். ஓடிடி சப்டைட்டில், டப்பிங் வசனம், விளம்பர வரிகள், ஆடியோ கதை, மொபைல் செயலிகளைத் தமிழ்ப்படுத்துவது என்று எழுத்து சார்ந்த எந்த வேலைக்கும் அது கூடுதல் தகுதி. கடந்த சில ஆண்டுகளில் இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஏஐ மாடல்களுக்காகவே தமிழில் கேள்வி பதில் எழுதுவது, இயந்திரம் எழுதிய தமிழைத் திருத்தி மதிப்பெண் போடுவது.

கோபாலபுரமோ கோடம்பாக்கமோ, நீங்கள் எங்கிருந்து எழுதினாலும் உங்கள் எழுத்து இரண்டு வழியில் இயந்திரத்துக்குள் போகலாம். நீங்களே காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பது ஒரு வழி. நீங்கள் எங்கோ எழுதியதை உங்களிடம் கேட்காமல் வாரி எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவதைத்தான் ஸ்கிரேப்பிங் என்கிறார்கள். 'ஏஐ என் வேலையைப் பறிக்குமா' என்ற கேள்வியை எல்லோரும் கேட்டாகிவிட்டது. அதைவிட அவசரமான கேள்வி வேறு: வாரி எடுத்ததற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நாளை முடிவானால், அந்தப் பணம் வாங்குவோர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்குமா?

எப்படி எடுக்கிறார்கள்?

கிராலர் எனப்படும் சின்ன நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவி, கண்ணில் பட்டதை எல்லாம் பிரதி எடுக்கின்றன. 2007-ல் தொடங்கிய காமன் கிரால் என்ற அமைப்பு இப்படித் திரட்டியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடுகிறது. பல பெரிய மாடல்களின் அடிப்படைத் தீனி அதுதான்.

இணையதள உரிமையாளர் 'உள்ளே வராதே' என்று சொல்ல ரோபாட்ஸ் கோப்பு என ஒன்று இருக்கிறது. 1994-லிருந்து இருக்கும் பழைய ஏற்பாடு. ஆனால் அது பூட்டு அல்ல, வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகை. மதிப்பவர் மதிப்பார். ஓப்பன்ஏஐ தன் கிராலரின் பெயரை அறிவித்து, விருப்பமில்லாதவர்கள் தடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதே 2023 ஆகஸ்டில்தான். சாட்ஜிபிடி அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரிலேயே வந்துவிட்டது. 2025 ஜூலையில் கிளவுட்ஃபிளேர், தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ கிராலர்களை இயல்பாகவே தடுப்போம், விரும்பினால் கட்டணம் வசூலிக்கவும் வழி செய்வோம் என்றது. நல்ல செய்திதான். ஆனால் இதெல்லாம் தளத்தின் உரிமையாளருக்கு. அந்தத் தளத்தில் எழுதிய உங்களுக்கு அந்தப் பொத்தானில் கை வைக்க முடியாது.

தமிழுக்கு இங்கே ஒரு விசித்திரமான நிலைமை. காமன் கிரால் தொகுப்பில் ஆங்கிலம் நாற்பது சதவீதத்துக்கும் மேல். தமிழ் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இணையத்தில் புத்தக வடிவில் திறந்து கிடக்கும் தமிழ் எது என்று பார்த்தால், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், விக்கிமூலம், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள். பெரும்பாலும் மறைந்த எழுத்தாளர்களின் தமிழ். இன்றைக்கு ஒரு கொங்குப் பெண் கடைக்காரரிடம் எப்படிப் பேரம் பேசுகிறாள், மூணாறு லயத்தில் கொழுந்து பறிக்கிறவர் சூப்பர்வைசரைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் அதில் கிடையாது. அந்தத் தமிழ் உயிரோடு இருக்கிற எழுத்தாளர்களிடமும் பேசுகிறவர்களிடமும்தான் இருக்கிறது. சரக்கு குறைவு, தேவை அதிகம். சந்தைக் கணக்குப்படி விலை ஏற வேண்டும். ஏறுகிறதா?

ஒரு புத்தகத்துக்கு 3,000 டாலர், ஆனால்…

ஏஐ பயிற்சிக்காகப் புத்தகங்களை எடுத்த விவகாரத்தில் இதுவரை நடந்த பெரிய பணப் பட்டுவாடா அமெரிக்காவில். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில் நீதிபதி வில்லியம் ஆல்சப் 2025 ஜூனில் தீர்ப்பை இரண்டாகப் பிரித்தார். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை வைத்துப் பயிற்சி கொடுப்பது நியாயமான பயன்பாடு, அது தப்பில்லை. திருட்டு நூலகத் தளங்களிலிருந்து லட்சக்கணக்கான புத்தகங்களை இறக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டதை அப்படி நியாயப்படுத்த முடியாது. அதன் பிறகு, 2025 செப்டம்பரில் நிறுவனம் 150 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஏறக்குறைய 4.8 லட்சம் நூல்கள். ஒரு நூலுக்குச் சுமார் 3,000 டாலர். நம் பணத்தில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். வக்கீல் செலவு கழியும், பதிப்பாளரோடு பங்கும் போட வேண்டும். இருந்தாலும் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 250 ரூபாய் விலையுள்ள ஒரு தமிழ் நாவல் 500 பிரதி விற்று, 10 சதவீத ராயல்டி ஒழுங்காகக் கைக்கு வந்தால் எழுத்தாளருக்கு மொத்தம் 12,500 ரூபாய்.

இப்போ அந்த 'ஆனால்'. சமரசப் பட்டியலில் இடம் பிடிக்க நிபந்தனைகள் இருந்தன. புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண்ணோ அமேசான் எண்ணோ இருக்க வேண்டும். வெளியாகி ஐந்து ஆண்டுக்குள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவும் நிறுவனம் பிரதியை இறக்குவதற்கு முன்பாகவோ, புத்தகம் வந்த மூன்று மாதத்துக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ உட்கார்ந்து தமிழில் எழுதிய எத்தனை பேர் வாஷிங்டனில் போய்ப் பதிவு செய்திருப்பார்கள்?

நியாயமாகப் பார்த்தால் எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. இந்தியச் சட்டமும் பெர்ன் உடன்படிக்கையும் அதைத்தான் சொல்கின்றன. பதிவு கட்டாயம் இல்லை. வெளிநாட்டுப் படைப்பாளி பதிவில்லாமலேயே அமெரிக்காவில் வழக்குப் போடலாம். ஆனால் நஷ்டத்தை ரூபாய் ரூபாயாக நிரூபிக்காமல், சட்டம் வகுத்த இழப்பீட்டுத் தொகையைக் கேட்க வேண்டுமானால் அங்கே பதிவு வேண்டும். பெரும்பணம் இருப்பது அந்த இடத்தில்தான். உரிமை இருப்பது வேறு, பணம் வருவது வேறு.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஏஐ பயிற்சி பற்றி இந்திய நீதிமன்றம் கையில் எடுத்த முதல் பெரிய வழக்கு இது. பதிப்பாளர் கூட்டமைப்பு, டிஜிட்டல் செய்தி நிறுவனங்களின் சங்கம் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்விகள் நான்கு. பயிற்சிக்காகச் செய்திகளைச் சேமிப்பதே மீறலா? பதில் சொல்ல அவற்றைப் பயன்படுத்துவது மீறலா? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தரும் விதிவிலக்கு இதற்குப் பொருந்துமா? சர்வர்கள் அமெரிக்காவில் இருக்கும்போது டெல்லியில் விசாரிக்க முடியுமா?

மூன்றாவதுதான் உயிர்நாடி. அமெரிக்கச் சட்டத்தில் 'நியாயமான பயன்பாடு' என்பது இழுத்தால் நீளும் ரப்பர் மாதிரி. நம் 52-ஆவது பிரிவு அப்படியல்ல. தனிப்பட்ட ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று எதற்கெல்லாம் விலக்கு என எண்ணி எண்ணிச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் 'இயந்திரத்துக்குப் பயிற்சி' என்று எங்கும் எழுதவில்லை. அதனால் அமெரிக்கத் தீர்ப்பைக் காட்டி 'இங்கேயும் அப்படித்தான்' என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம்.

இதற்கிடையே மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஒரு குழு போட்டது. 2025 டிசம்பரில் அதன் ஆய்வறிக்கையின் முதல் பகுதி வந்தது. இது சட்டம் அல்ல, கருத்துக் கேட்க வெளியிட்ட வரைவு. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக் காட்டுகிறது. சட்டப்படி அணுகக் கிடைக்கும் எந்தப் படைப்பையும் ஏஐ நிறுவனங்கள் அனுமதி கேட்காமல் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, தங்கள் வருவாயில் ஒரு விகிதத்தை ராயல்டியாகக் கட்ட வேண்டும். விகிதத்தை அரசு நியமிக்கும் குழு முடிவு செய்யும். பணத்தை வசூலித்துப் பிரிக்க நாடு முழுவதற்கும் ஒரே மைய அமைப்பு.

'என் எழுத்தை எடுக்காதே' என்று சொல்லும் உரிமை இதில் படைப்பாளிக்கு இல்லை. ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் இதை எதிர்த்தது, வேறு காரணத்துக்காக: ராயல்டியே வேண்டாம், தரவு எடுப்பதற்குச் சட்டத்தில் விலக்கு கொடுங்கள் என்பது அவர்கள் வாதம்.

என் பார்வையில், தனி ஆளாக எழுதுகிற ஒருவருக்கு 'மறுக்கும் உரிமை' காகிதத்தில் அழகாக இருக்கும், நடைமுறையில் பெரிதாக உதவாது. கலிஃபோர்னியாவில் இருக்கும் நிறுவனத்தோடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து யார் மல்லுக்கட்ட முடியும்? கூட்டாக வசூலித்துப் பிரித்துத் தருவது நல்ல யோசனைதான். சிக்கல் பிரிப்பதில். மைய அமைப்பில் உறுப்பினராக இருக்கப்போவது தனி எழுத்தாளர்கள் அல்ல, ஒவ்வொரு வகைப் படைப்புக்குமான உரிமை அமைப்புகள். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ஐபிஆர்எஸ் இருக்கிறது. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, படத்துக்கு எழுதிய பாட்டு தியேட்டருக்கு வெளியே ஒலித்தால் வரும் ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு உண்டு; எழுதிக் கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் போராடி வந்தது அது. அச்சுப் புத்தகங்களின் நகலெடுப்பு உரிமைக்கு டெல்லியில் ஐஆர்ஆர்ஓ என்ற அமைப்பு இருக்கிறது. நீங்கள் தமிழ் எழுத்தாளர் என்றால், அந்தப் பெயரை இதற்கு முன் கேட்டிருக்கிறீர்களா?

பாரதிக்கு நடந்தது

எழுதியவருக்கும் உரிமைக்கும் நடுவே கணக்குப் புத்தகம் புகுந்தால் என்ன ஆகும் என்பது தமிழுக்குப் புதுசில்லை. 1921-ல் பாரதியார் இறந்த பிறகு அவருடைய பாடல்களின் இசைத்தட்டு உரிமை கை மாறிக் கை மாறி ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1948-ல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியதற்காக டி.கே.எஸ். சகோதரர்களுக்கு நோட்டீஸ் போனது. பாரதி தமிழர்களின் பொதுச் சொத்து என்று கிளர்ச்சி கிளம்பி, 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. பிறகு அது மக்களுக்கே விடப்பட்டது. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

அன்று தொடங்கிய நாட்டுடைமை மரபில்தான் இன்றும் தமிழ்நாடு அரசு எழுத்தாளர்களின் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களைப் பொதுவில் வைக்கிறது. வாசகனுக்குப் பெரிய நன்மை. மாணவன் படிக்கட்டும், சின்னப் பதிப்பாளர் மலிவு விலையில் போடட்டும் என்ற எண்ணத்தில் செய்தது. ஆயிரக்கணக்கான கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம் அதே பொதுக் கிணற்றில் வந்து இறைக்கும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது. ஒரு முறை கொடுக்கப்பட்ட தொகை, அதோடு முடிந்தது. இன்று உயிரோடு எழுதுகிறவர்களுக்கும் 'ஒரே தடவை காசு, எல்லா உரிமையும் எங்களுக்கு' என்ற ஒப்பந்தம்தான் பெரும்பாலும் நீட்டப்படுகிறது. நாட்டுடைமையில் லாபம் ஊருக்கு. இதில் யாருக்கு?

உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

மேலே பார்த்த எல்லாத் திட்டங்களிலும் பணம் போவது உரிமையாளருக்கு. எழுதியவர்தான் உரிமையாளர் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். 2025 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். 2013-ல் வந்த 'அம்பிகாபதி' படத்தின் முடிவை ஏஐ வைத்து மாற்றித் திரும்ப வெளியிட்டார்கள். நடித்த தனுஷும் இயக்கிய ஆனந்த் எல். ராயும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். படம் தியேட்டருக்கு வந்தே விட்டது. உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்தது, அவ்வளவுதான்.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கன்டென்ட் ரைட்டரா நீங்கள்? வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 17-ஆவது பிரிவின்படி நிறுவனத்துக்குச் சொந்தம். ஏஐ ராயல்டி வந்தாலும் அது அவர்களுக்கே. பத்திரிகை ஊழியருக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது: பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு, மற்றவை எழுதியவருக்கு. ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டிருந்தால் அதுவும் போச்சு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை இன்றைக்கு ராத்திரி எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஃப்ரீலான்ஸ் என்றால் நிலைமை வேறு. எழுதிக் கொடுக்காதவரை உரிமை உங்களுடையது. எழுதிக் கொடுத்திருந்தாலும் சட்டம் சில இடத்தில் கை கொடுக்கிறது. எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 18-ஆவது பிரிவில் 2012-ல் சேர்த்த வரி இன்னும் முக்கியம்: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத, வணிகப் புழக்கத்தில் வராத ஒரு பயன்பாட்டு முறைக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய. 2015-ல் நீங்கள் ஒரு நாவலைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தபோது ஏஐ பயிற்சி என்பது வணிகப் பயன்பாடாக இருந்ததா? நீதிமன்றம் இதை எப்படி வாசிக்கும் என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் எழுத்தாளர் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது.

இதனால்தான் இப்போது வரும் ஒப்பந்தங்களில் 'தற்போதுள்ள மற்றும் இனி உருவாகும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகெங்கும், நிரந்தரமாக' என்ற மாதிரி வாசகங்கள் நுழைகின்றன. அந்த வரியில் பேனாவை நிறுத்துங்கள். 'இயந்திரப் பயிற்சிக்கான உரிமை இதில் அடங்காது' என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் வேலை தேடும் 23 வயசுக்காரர் கேட்டால் கேட்பார்களா என்றால், பல இடத்தில் கேட்க மாட்டார்கள், உண்மைதான். அப்போது குறைந்தபட்சம் காலவரம்பையாவது கேளுங்கள். மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று. அதை மறுப்பது அவர்களுக்கும் கொஞ்சம் சங்கடம்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் இலக்கியப் படைப்பைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். கட்டாயமில்லை, ஆனால் கோர்ட்டில் அந்தப் பதிவேடு முதல்நிலைச் சாட்சி. 2018-ல் 'சர்கார்' கதை விவகாரத்தில் வருண் ராஜேந்திரன் பக்கம் நின்றது, 2007-ல் அவர் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்து வைத்திருந்த 'செங்கோல்' கதைதான். பதினொரு வருஷம் ஃபைலில் கிடந்த காகிதம், பெரிய பட நிறுவனத்தைச் சமரசத்துக்கு வர வைத்தது. ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். அமெரிக்கப் பதிவு, ஒரே ஆசிரியர் ஒரே படைப்பு என்றால் 45 டாலர். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாகி விற்கும் நூல் என்றால் யோசிக்கலாம், எல்லோருக்கும் தேவையில்லை.

இயந்திரத்துக்கு எழுதும் வேலையை எடுக்கலாமா?

எடுக்கலாம். வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லா ஏற்பாடும் ஒன்றல்ல. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024-ல் வெளியிட்ட இண்டிக்வாய்ஸஸ் தொகுப்பில் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல் 7,348 மணி நேரம் இருக்கிறது. 22 மொழிகள். இணையத்திலிருந்து வாரியது அல்ல, ஆளைத் தேடிப் போய்ச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்தது. பெங்களூரின் கார்யா நிறுவனம் இன்னொரு படி போனது: பேசுகிறவருக்குக் கூலியும் உண்டு, அந்தத் தரவு மறுபடி விற்றால் ராயல்டியும் உண்டு. ஆக, தொடர்ந்து பங்கு கொடுப்பது நடைமுறையில் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

உங்களிடம் வரும் வேலையில் இது இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று மட்டும் பேசினால், நீங்கள் விற்பது ஒரு பக்கம், அவர்கள் வாங்குவது உங்கள் நடை. எல்லைத் தமிழ், தோட்டத் தமிழ், தமிழும் மலையாளமும் கலந்து புரளும் சித்தூர்ப் பேச்சு போன்றவை வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டால், சாதாரணத் தமிழுக்குச் சொல்லும் ரேட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு அது வேறெங்கும் வாரிக்கொள்ளக் கிடைக்காது என்பதால்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள்.